கவிதா மேடம்

ஆகஸ்ட் 11, திங்கள்

பதினாறு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, இன்று பட்டப்படிப்பு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பாடம் எடுக்க வந்தவள் கவிதா. எங்கள் வார்டில் என்னிடம் ஊசி போடப் பழகியவள். அவளை எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன். எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

இடைவேளையில் அவளே தேடி வந்தாள்.

“இன்னாக்கா, கடைசி பெஞ்சுல ஒளிஞ்சிகினு கீற?”

“உன்ன மேடம்னு கூப்புடணுமேடி.”

“கிளாஸ்ல மட்டும் கூப்புடு. வெளிய பழையபடி திட்டுக்கா” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செவ்வாப்பேட்டை வரை ரயிலில் புத்தகம் படித்துக்கொண்டே வந்தேன். பாதிதான் புரிந்தது. ஆனால் இத்தனை வருடம் நோயாளிகளின் இசிஜி தாளில் நான் பார்த்த கோடுகள் ஏன் அப்படி ஏறி இறங்குகின்றன என்று இன்றுதான் தெரிந்தது. இன்னும் இரண்டு பக்கம் படித்துவிட்டுத் தூங்கலாம்.