பூண்டு முன்னாலா, கறி முன்னாலா

டிசம்பர் 14

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நாத்தனார் போனில், "இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு யாரு சமைக்கப்போறா? பேசாம வெளியில சொல்லிடலாமா?" என்று ஒரு மாதிரி இழுத்தார். அந்த இழுப்பு பிடிக்கவில்லை. "வீட்லதான் அண்ணி. ஆட்டுத்தொடை, முழுசா ஓவன்ல" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு சமையலறையில் போய் நின்றேன். எனக்குத் தெரிந்தது டீ, முட்டை, அவசரத்துக்கு ஒரு குழம்பு. என் வீட்டுக்காரர் பெரிய ஹோட்டலில் சமையல்காரராக இருந்தவர். லீவு நாளில்கூடக் கரண்டியை என் கையில் தந்ததில்லை. மார்ச்சில் வந்த காய்ச்சல் இவருடைய மூக்கை எடுத்துக்கொண்டு போனது. வாசனையே தெரியவில்லை, அதோடு ருசியும் போயிற்று. கெட்டுப்போன மீனைத் தெரியாமல் வாணலியில் போட்ட அன்று, யாரும் சொல்வதற்கு முன் தானே வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

டிசம்பர் 16

எந்தக் கறி வாங்கலாம் என்று கேட்டேன். "எதையாவது வாங்கு." டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டிசம்பர் 18

கறிக்கடை. "தொடையா, முன்னங்கால் சப்பையா? எலும்போடவா? கொழுப்பு இருக்கட்டுமா, சீவிடவா?" பரீட்சை எழுத வந்ததுபோல் முழித்தேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். "இளங்குட்டிதாம்மா, கண்ண மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். நானும் அப்படியே செய்து தொலைத்தேன்.

வீட்டில் இவர் தாளைப் பிரித்தார். கட்டைவிரலால் அழுத்தினார். மஞ்சள் பாய்ந்த கொழுப்பைப் பார்த்தார்.

"குட்டின்னா சொன்னான்?"

"ஆமா."

"இந்தக் குட்டிக்குப் பேரன் பேத்தியே இருக்கும்."

மறுபடி டிவி. இவ்வளவு தெரிந்த மனுஷன் கூட வந்திருந்தால் என்னவாம்? நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்டவர்கள் மூக்குக்கெல்லாம் ஃப்ரேமை வளைத்து நிமிர்த்திவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்தால் இந்த ஒரு மூக்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 19

அந்தக் கிழட்டு ஆட்டை நாங்களே தின்றோம். தாடை வலிக்கிறது.

டிசம்பர் 21

சண்டை போட்டு இழுத்துக்கொண்டு போனேன். கடை வாசல்வரை வந்தவர் உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். நான் உள்ளே, இவர் வெளியே, நடுவில் கண்ணாடிக் கதவு. கடைக்காரர் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டுவார், இவர் தலையாட்டி வேண்டாம் என்பார். அடுத்தது - வேண்டாம். "பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல இருக்கு" என்று கடைக்காரர் முணுமுணுத்தார். கடைசியில் ஒரு சப்பைக்குச் சம்மதம் கிடைத்தது. வெளிர்சிவப்பு, மேலே வெள்ளைக் கொழுப்பு.

தொடைதானே சொல்லியிருந்தேன் என்றேன். "சமைக்கப்போறது நீ. தொடை கொஞ்சம் அசந்தா காஞ்சு போயிடும். சப்பை தாங்கும்."

என் லட்சணம் அவ்வளவுதான். உள்ளே வந்திருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும் என்று கத்தினேன். பாதி வழி வரை முன்னால் நடந்தார். பிறகு, "உள்ள வந்தா கறி வாசனை அடிக்கணும். அடிக்கலைன்னா... கழுவிவிட்ட தரை மாதிரி இருக்கு எனக்கு எல்லா இடமும்" என்றார்.

பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 24

மகள் வந்துவிட்டாள். நாத்தனாரும் வந்தாயிற்று, கூடவே அவருடைய யோசனைகளும். வினிகரில் ஊறவை. வேண்டாம், தயிர். கயிறு போட்டுக் கட்டினாயா? "எங்க வீட்ல நாங்க இப்படிப் பண்ணமாட்டோம்ப்பா." உப்பும் மிளகும் தேய்த்து, கத்தியால் கீறி, பூண்டைச் செருகி வைத்தேன். இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தனியாக ரொட்டி தின்றால் என்ன?

டிசம்பர் 25

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சப்பையைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு ஓவனில் வைத்துவிட்டு, நாற்காலி இரவல் வாங்க மகளோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே பேச்சு வளர்ந்துவிட்டது. திரும்பினால் வாசலிலேயே கருகல் நாற்றம். நாத்தனார் குளித்துக்கொண்டிருந்தார். இவர் சமையலறைக் கதவை ஒட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே, கருகுறது தெரியலையா உங்களுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கு உறைத்தது. மகள் என் கையைப் பிடித்தாள். இவர் பேப்பரை மடித்தார். எழுந்தார். வாசலைப் பார்த்துத்தான் போகப்போகிறார் என்று நினைத்தேன் - சமையலறைக்குள் போனார்.

தட்டை வெளியே இழுத்தார். தண்ணீர் வற்றி, அடியில் உதிர்ந்த பூண்டு கரியாகியிருந்தது. கறி தப்பித்திருந்தது. கரியைச் சுரண்டி எறிந்தார். "வெந்நீர் கொண்டா." ஊற்றினார். காதைச் சாய்த்து அது கொதிக்கும் சத்தத்தைக் கேட்டார். புதுப் பூண்டு நசுக்கிப் போட்டு, அலுமினியத் தாளால் இறுக்க மூடி, சூட்டைக் குறைத்தார். எல்லாம் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

கொஞ்ச நேரம் கழித்து, "என்ன வாசனை வருது?" என்றார்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா என்னடி அர்த்தம்? பூண்டு முன்னால வருதா, கறி முன்னால வருதா?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கண்ணை மூடி இழுத்துப் பார்த்தேன். "பூண்டு."

"அப்ப இன்னும் வேகணும்."

திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ஒருமுறை தப்பாகச் சொல்லித் திட்டும் வாங்கினேன். கடைசியில், "கறிதான். பூண்டு எங்கயோ பின்னால இருக்கு. வெண்ணெய் உருக்குற மாதிரி..." என்றேன். விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "எடு" என்றார்.

எலும்பைப் பிடித்து இழுத்தால் தனியாகக் கையோடு வந்தது. நாத்தனார் ஒன்றுமே சொல்லாமல் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். அதைவிட என்ன சர்டிபிகேட் வேண்டும்?

மகள் கேட்டுவிட்டாள்: "அப்பா, உங்களுக்கு எப்படி இருக்கு?"

"மெத்துன்னு இருக்கு."

"அது போதுமாப்பா?"

"போதாது" என்றார். ஆனாலும் தட்டை நீட்டினார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பாத்திரம் துலக்கும்போது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "ஸ்பூனை இப்படியா அடுக்குவ?" என்று ஆரம்பித்துவிட்டார்.

டிசம்பர் 26

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "தெரியலையான்னுதானே கேட்ட. தெரியலதான்" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 3

கடையில் இன்று கூட்டம், கால் வீங்கிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து சத்தம்: "வந்துட்டியா? மொதல்ல இங்க வா. வெங்காயம் பச்சை வாசனை போயிடுச்சா பாரு."

குனிந்து மோந்து பார்த்தேன். "இன்னும் போகல."

"சரி, போய் மூஞ்சி கழுவிட்டு வா" என்று தீயைக் குறைத்தார்.

முகம் கழுவுவதற்குள் மறுபடி கூப்பிட்டார். உட்காரவே விடவில்லை.