கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் உங்கள் நிழல்

என்னங்க, உங்களைத்தான்.

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் கடிதத்தின் தலையிலும் இதையே எழுதுகிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் எத்தனை பேருடைய பெண்டாட்டிகள் "என்னங்க" என்று கூப்பிடுகிறார்களோ! குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். தினமும் உங்களைத் திட்டிய அதே குரல்தான்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் ஆட்டோவை மடவளைக்காரர் ஒருவருக்குக் கொடுத்தாச்சு. நம்ம மகன் ரவிதான் கட்டாரிலிருந்து போனிலேயே பேசி முடித்தான். நல்ல மனிதர், ஆனால் அந்த ஹோர்ன் சத்தத்தை அவர் மாற்றவில்லை. சந்திப் பக்கம் அது கேட்டால் "வந்துட்டாரு" என்று என் கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளைத் தேடுகிறது. பிறகு உட்கார்ந்துவிடுகிறேன். சண்டை போட ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது? முதலில் போய்த் தப்பித்துக்கொண்டீர்களே.

இதை எழுத உட்கார்ந்தது அந்த மதிலுக்காக. ஞாபகம் இருக்கிறதா? பாலத்தடியில், மகாவலிக் கரையோரம், பாசி பிடித்து நீளமாகப் போகுமே. படம் வரைகிற பிள்ளைகள் சிலர் வந்து, சாயங்கால வெயிலில் கரையோரத்து ஆட்களை அங்கே நிற்கவைத்தார்கள். மதிலில் விழுந்த நிழலைச் சுற்றி இன்னொருவர் கோடு போட, உள்ளே சுண்ணாம்பு பூசினார்கள். மீன்காரர், லொத்தர் சீட்டு விற்கிற அம்மா, நாம் நானா என்று கூப்பிடும் பலசரக்குக் கடை முஸ்லிம் அண்ணன், எல்லாரும் நின்றார்கள். நீங்கள் குடையை விரித்துக்கொண்டு நின்றீர்கள். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை! கேட்டதற்கு, "கண்டிக்காரன் குடையில்லாம நின்னா எவன் நம்புவான்?" என்றீர்கள்.

நிழலில் வயிறு கொஞ்சம் முன்னால் விழுந்துவிட்டது. "வெயிலு பொய் சொல்லுது" என்று, கோடு போட்ட நதீஷாவோடு, படம் வரைகிற அந்தப் பிள்ளையோடு, மல்லுக்கு நின்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் நானா கடையை விட்டு ஓடி வந்தார். "நீயும் வந்து நில்லு" என்று கூப்பிட்டீர்கள். எனக்கு வெட்கம். ஊர் பார்க்க என் நிழலா என்று ஒதுங்கிவிட்டேன்.

அன்றைக்கே எல்லாரிடமும் ஒரு வாக்கு வாங்கினார்கள். பெருமழைக்கு முன்னால் அவரவர் நிழலை அவரவரே ஆற்றுத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். "மதில் ஆத்துக்குச் சொந்தம், நாங்க விருந்துக்கு வந்தது" என்றாள் நதீஷா, சிங்களம் கலந்த தமிழில். நீங்களும் தலையாட்டினீர்கள். தலையாட்டிவிட்டு, அந்த மாதமே நெஞ்சு வலி என்று போய்விட்டீர்கள். அப்படியென்றால் உங்கள் நிழலை யார் கழுவுவது?

ஒன்று சொல்லட்டுமா? உங்களை நான் சரியாக வழியனுப்பவே இல்லை. கடைசிக் குளியலுக்கு ஒரு சொம்பு தண்ணீர்தான் ஊற்றினேன். அதற்குள் ஹந்தானையிலிருந்து வந்த உங்கள் சொந்தக்காரர்கள் "போதும், தள்ளுங்க" என்று என்னைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். தெருமுனைக்கு அப்பால் பொம்பளைகள் வரக்கூடாதாம். மறுநாள் சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். எந்த இடத்தில் என்று, சாவுக்கு வந்துபோன ரவியைக் கேட்டால், "சரியாத் தெரியலம்மா, நான் அழுதுகிட்டே இருந்தேன்" என்கிறான். பாவம், அவனை எப்படிக் கோபிப்பது? ஆனால் இவ்வளவு பெரிய ஆற்றில் எந்தப் பக்கம் பார்த்து நான் அழுவது?

அதனால் மதிலுக்குப் போகத் தொடங்கினேன். உப்பு வாங்கப் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சாக்குச் சொல்லி வாங்கியதில், இப்போது வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போதுமான உப்பு இருக்கிறது. எந்தப் பாவியோ உங்கள் முழங்காலில் டியூஷன் போஸ்டர் ஒட்டியிருந்தான். நகத்தால் சுரண்டி எடுத்தேன். நானா கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

போன கிழமை வானம் கறுத்தது. பிள்ளைகள் வாளிகளோடு வந்தார்கள். ஊரே கூடி, சிரித்து, நனைந்து, தங்கள் நிழல்களைக் கழுவிக்கொண்டிருந்தது. நான் போய் உங்கள் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இத மட்டும் விட்டுடும்மா" என்றேன்.

நதீஷா என் தோளைத் தொட்டாள். "ஆன்ட்டி சொன்னா விடுவம். ஆனா மழை விடாது தானே?"

நானா கிட்டே வந்தார். "தங்கச்சி, நீங்க ஊட்டுக்குப் போங்க. நான் அவர்ட கூட்டாளி தானே, மெதுவாக் கழுவி உட்டுடுறேன். நீங்க பாக்க வாணாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுபடியும் ஆம்பளைக் கையா? மறுபடியும் நான் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

"வாளியக் குடுங்க நானா. எங்க வீட்டு ஆளு, நானே குளிப்பாட்டுறேன்."

தலையிலிருந்து தொடங்கினேன். தேய்க்கத் தென்னந்தும்பு கொடுத்தார்கள், வேண்டாம் என்று உள்ளங்கையாலேயே தேய்த்தேன். சுண்ணாம்பு கையைப் பதம் பார்த்துவிட்டது, சோறு பிசைந்தால் இன்னும் எரிகிறது. காதோரம், கழுத்து, அந்தப் பொல்லாத வயிறு. "கொஞ்சம் அசையாம நில்லுங்களேன்" என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். நதீஷா வாளி வாளியாக மொண்டு தந்தாள். குடையைக் கடைசியாகத்தான் கழுவினேன். உங்களை நனைய விட மனசு வருமா?

வெள்ளைத் தண்ணீர் மதிலடியில் இறங்கி, படியில் ஓடி, மூங்கில் புதரோரம் ஆற்றில் விழுந்தது. நானும் கூடவே இறங்கிப் போனேன். கொஞ்ச தூரம் வெள்ளையாகத் தெரிந்தீர்கள். பிறகு தெரியவில்லை.

வீடு அப்படியேதான் கிடக்கிறது. தனிமை தீர்ந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நம்பமாட்டீர்கள். ஆனால் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷமும் பிள்ளைகள் வருவார்களாம். நான் நிற்பேன், உங்கள் குடையோடு. பக்கத்தில் ஓர் ஆள் இடத்தை வெறுமையாக விடச் சொல்வேன். கழுவும் நாளில் என் நிழலையும் அந்த மூங்கில் பக்கமாகவே இறக்கிவிடுவேன், இது சத்தியம். அங்கேயே இருங்கள். ஒரு தடவையாவது சொன்ன இடத்தில் நில்லுங்கள்.

இன்னும் உங்கள் பேரைச் சொல்லாத,
ரவியோட அம்மா