யார் பெயரால் நடப்பது

மழை தவறாது பொழிக, மண் குளிர்க. ஒன்பது துறைகளுக்கும் அவற்றின் உப்பங்கழிகளுக்கும் உரியவரும், புயல் நாளிலும் கலங்கரை விளக்கை அணையவிடாதவரும், ஆழிமுனை நாட்டு அரசியுமாகிய பெருந்தேவி மதுரவேணி நாச்சியார் திருமுன்பு, மூன்று மலைக்கு முடிசூடியவரும் மண்மிதியாப் பாதருமாகிய நெடுங்குன்றத்து அரசர் விசயகண்டப் பெருங்கோவின் ஆணையால், நின்றபடியே அலுவல் பார்க்கும் மந்திரி குணவீரன் தாமோதரன் எழுதும் ஓலை. தங்கள் கலங்கள் கரை சேர்க. தங்கள் பகைவர் கலங்கள் வேறெங்கேனும் சேர்க.

எம் அரசரின் கால்வலி தீர்க்கத் தாங்கள் அனுப்பிவைத்த அரண்மனை மருத்துவச்சி ஆவுடைநங்கையாரை நாற்பது நாள் கழிந்ததும் திருப்பி அனுப்புக என்று தாங்கள் எழுதிய ஓலை கிடைத்தது. அவர் நேற்று விடிந்ததும் புறப்பட்டுவிட்டார். தங்கள் நாட்டு மருத்துவர் வண்டியிலும் விலங்கின் மேலும் ஏறாத வழக்கத்தால் கால்நடையாக வருகிறார்; பன்னிரண்டு நாள் வழி. இவ்வோலை குதிரையில் வருகிறது. அவர் புறப்பட்ட ஐந்தாம் நாள் தங்கள் கையில் இருக்கும். ஓலை அவரை முந்த வேண்டியதற்குக் காரணம் உண்டு. அதை முதலிலேயே சொன்னால் தாங்கள் நம்பமாட்டீர்கள். ஆகையால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல இம்மந்திரிக்கு அருள வேண்டும்.

நெடுங்குன்றத்தில் முடிசூடிய அரசரின் பாதம் அரண்மனைக்கு வெளியே மண்ணில் படலாகாது. அதே நெடுங்குன்றத்தில், முடிசூடிய அரசர் நாள்தோறும் விடியலில் கோட்டையை ஒருமுறை நடந்து சுற்ற வேண்டும். இரண்டும் ஒரே கல்லில் அடுத்தடுத்த வரியில் வெட்டப்பட்டுள்ளன. ஏன் இப்படி என்று கேட்கலாகாது என்பது மூன்றாம் வரி. ஆகவே அரசருக்காக ஒருவன் நடப்பான். அவனுக்குத் திருநடையான் என்று பெயர். வெறுங்காலுடன் கோட்டையைச் சுற்றி, நான்கு வாயிலிலும் நின்று, நடப்பது நான் அல்ல, அரசர் நடக்கிறார் என்று உரக்கக் கூவிவிட்டு மேலே செல்வான். இப்போதைய திருநடையான் சேந்தன் இருபத்துமூன்று ஆண்டுகளாக நடக்கிறான். எம் அரசர் அதே இருபத்துமூன்று ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறார்.

அமர்ந்திருக்கும் அரசருக்குத்தான் குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து பாதத்தை இறக்கிப் பஞ்சணையில் வைத்ததுமே குதிகாலில் ஆணி அறைந்தாற்போல் சுரீரென்று குத்தும். பிறகு கெண்டைக்கால் இறுகிக் கல்லாகும். எம் நாட்டு வைத்தியர்கள் மூவர் பார்த்தார்கள். அரசர் உடலைத் தொடலாகாது என்பதால் தள்ளி நின்று பார்த்தார்கள். தள்ளி நின்றே மருந்தும் கொடுத்தார்கள்.

நங்கையார் வந்த அன்றே அரசரின் காலைக் காட்டச் சொன்னார். அது மரபன்று, அரசரின் நடை சேந்தனிடம் இருப்பதால் மருத்துவத்தையும் சேந்தன் காலுக்கே செய்க என்று அவை பணிவுடன் அறிவித்தது. பசித்தவன் ஒருவன், பந்தியில் உட்கார்த்துவது இன்னொருவனையா, நல்ல ஊராக இருக்கிறதே உங்கள் ஊர் என்று நங்கையார் கேட்டார். அவை அதைப் பாராட்டாக ஏற்றுக்கொண்டது. நாற்பது நாளுக்குள் அரசரின் வலி தீர்ந்தால் அவர் வீடு திரும்பலாம். தீராவிடில் தீரும்வரை இங்கேயே இருக்கலாம் என்றும் அறிவித்தது. அப்போதுதான் நங்கையாரின் முகம் மாறியது. அவருடைய ஒரே மகளுக்கு இது நிறைமாதம் நெருங்கும் காலம், தலைப்பிரசவம். தாங்களும் அறிவீர்கள். நாற்பதும் பன்னிரண்டும் ஐம்பத்திரண்டு என்று அவர் விரல்விட்டு எண்ணியதை இம்மந்திரி கண்டான். ஒருநாள்கூட மிச்சமில்லை என்று தமக்குள் முணுமுணுத்துவிட்டு, சரி, கூப்பிடுங்கள் அந்தச் சேந்தனை என்றார்.

நங்கையார் சேந்தனின் பாதத்தை மடியில் வாங்கிப் பார்த்தார். இருபத்துமூன்று ஆண்டு சரளைக்கல்லில் நடந்த பாதம் பிறந்த குழந்தையின் பாதம்போல் இருந்தது. ஒரு காய்ப்பு இல்லை. ஒரு வெடிப்பு இல்லை. ஊசிமுனையை வைத்து அழுத்தினார். வைத்திருக்கிறீர்களா அம்மா, இன்னும் இல்லையா என்று சேந்தன் மரியாதையாகக் கேட்டான். அவனுடைய மனைவி நீலி அங்கே நின்றிருந்தாள். வலி இல்லாதது கிடக்கட்டும், எங்கள் வீட்டு அடுக்களையை மெழுகிவிட்டு ஈரம் காய்வதற்குள் நாங்கள் இரண்டு பேரும் நடந்தால் ஒருத்தி தடம்தான் விழுகிறது, கல்யாணமான புதிதில் வெட்கம் என்று நினைத்தேன் என்று அவள் சொன்னாள். சேந்தன் தலைகுனிந்து, வேலை முடிந்து வருகிறவன் எல்லாம் அப்பாடா என்று உட்காருகிறான், எனக்கு அந்த அப்பாடா ஒருநாளும் வந்ததில்லை அம்மா என்றான்.

மறுநாள் நங்கையார் மரபைக் கேட்காமல் அரசரின் பாதத்தைப் பிடித்துவிட்டார். அவை பதறி எழுந்தது. எழுந்தே நின்றிருந்தபடியால் அதை யாரும் கவனிக்கவில்லை. அரசரின் குதிகால் வண்டிக்காரன் குதிகாலாகப் பாளம் பாளமாய் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஏதோ சிவப்பாகத் தெரிய, நங்கையார் அதை நகத்தால் நெம்பி எடுத்துப் பார்த்தார். எம் கோட்டையின் கிழக்கு வாயில் அருகே மட்டும் கிடக்கும் செஞ்சரளைப் பொடி. அரசர் அந்த வாயிலைத் தம் வாழ்நாளில் பல்லக்கிலிருந்தே பார்த்தவர்.

நங்கையார் அஞ்சினார், ஆயினும் பாதத்தை விடவில்லை. மருத்துவம் தொடங்கினார். பொறுக்குமளவு சூட்டில் கல்லுப்பு கரைத்த வெந்நீரில் பாதங்களை அரை நாழிகை ஊறவைத்தார். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் குதிகாலிலிருந்து கெண்டைக்கால் நோக்கி மேலேற நீவினார். கட்டிலைவிட்டு இறங்குமுன் ஒரு துண்டை உள்ளங்காலில் மாட்டி விரல்களைத் தம்மை நோக்கி இழுத்துப்பிடிக்க வேண்டும், சுவரில் கையூன்றி ஒரு காலைப் பின்னே நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்க வேண்டும், அப்பளக் குழவியை உள்ளங்காலுக்கடியில் வைத்து உருட்ட வேண்டும் என்று கற்பித்தார். எம் அரசர் சிங்காதனத்தில் அமர்ந்தபடி அப்பளக் குழவியை உருட்டியவாறே இரண்டு போர்நிறுத்தங்களுக்கு ஒப்பம் தந்தார்.

வலி பாதி குறைந்தது. மறுபாதி ஒவ்வொரு விடியலிலும் புதிதாக வந்தது. இருபத்தைந்தாம் நாள் நங்கையார் விடியுமுன்பே வந்து அரசரின் பாதத்தருகே உட்கார்ந்தார். தூரத்தில் கிழக்கு வாயிலில் சேந்தனின் கூவல் கேட்டது. கேட்டதும் பஞ்சணைமேல் கிடந்த அரசரின் விரல்கள் சுருண்டு விரிந்தன, சுருண்டு விரிந்தன. அரசர் உறங்கிக்கொண்டிருந்தார். அவர் கால்கள் மட்டும், யாரோ உள்ளிருந்து மிதிப்பதுபோல், இடமும் வலமுமாக அசைந்துகொண்டே இருந்தன. தெற்கு வாயில் கூவலில் கெண்டைக்கால் இறுகியது. வடக்கு வாயிலுக்கு ஏறும் மேட்டில் அரசருக்கு மூச்சு இரைத்தது. நங்கையார் வெளியே வந்து, தினம் நான்கு முறை, இருபத்துமூன்று வருஷம், ஒரே பொய்யைக் கத்தியிருக்கிறீர்கள், பாதை நம்பிவிட்டது ஐயா என்று இம்மந்திரியிடம் சொன்னார்.

அப்படியானால் கூவாமல் நடக்கட்டும் என்று இம்மந்திரி ஆலோசனை கூறினான். மறுநாள் சேந்தன் மேற்கு வாயிலில் வாய்மூடிக் கடந்தான். அரசருக்கு அந்தக் கால்பங்கு வழியின் வலி வரவில்லை. சேந்தனுக்கும் வரவில்லை. ஆனால் மேற்கு வாயிற்காவலன், இருந்த இடத்தைவிட்டு அசையாதவன், குதிகாலைப் பிடித்துக்கொண்டு அலறி விழுந்தான். பெயர் சொல்லாத வலி கிட்ட இருப்பவனைப் பற்றிக்கொள்ளும் என்று அன்று தெரிந்தது. அன்று முதல் இம்மந்திரி அந்த வாயில் பக்கம் செல்வதில்லை.

எஞ்சிய வழி ஒன்றே. நடப்பவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும். எம் நாட்டில் கோட்டைச் சுற்றில் தன் பெயரைச் சொல்வது அரசைக் கேட்பதற்கு ஒப்பு. அதற்குத் தலை போகும். நங்கையார் அதைச் சேந்தனிடம் மறைக்கவில்லை. நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக உன்னைச் சொல்லச் சொல்லமாட்டேன், எனக்கு ஆசை இருக்கிறது, ஆனால் கேட்கமாட்டேன் என்றார். சேந்தன் கும்பிட்டுவிட்டுப் போனான். ஐந்து நாள் அரசர் பெயரையே கூவினான். அந்த ஐந்து நாளும் நங்கையார் சோறு சரியாக உண்ணவில்லை.

முப்பத்திரண்டாம் நாள் விடியலில், கிழக்கு வாயிலில், சேந்தன் நடக்கிறான் என்ற குரல் கேட்டது. இரண்டாம் வாயில்வரை திடமாக நடந்தான். மூன்றாம் வாயிலில் குந்திவிட்டான். ஐயோ குத்துதே, நீலி, குத்துதடி, இங்கே வந்து பார் என்று அவன் சிரித்த சிரிப்பில் வாயிற்காவலர் வேலைக் கீழே போட்டுவிட்டு வந்தார்கள். அவனுக்குப் பின்னே பனிநனைந்த புழுதியில், வளைந்தும் நெளிந்தும், வாயில் முதல் வாயில்வரை காலடித் தடங்கள் விழுந்திருந்தன. நீலி அவற்றில் ஒன்றைக்கூட மிதிக்காமல் ஓரமாக ஓடி வந்தாள். அதே வேளையில் அரசர் பாதத்தை இறக்கிப் பஞ்சணையில் வைத்து, வலிக்குக் காத்து, வராமையால் மறுபடி எடுத்து வைத்து, ஒரு நாழிகை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

சேந்தனைக் கொல்வதா என்று அவை மூன்று நாள் ஆய்ந்தது. கொன்றால் அடுத்து நடப்பவன் அரசர் பெயரைத்தான் சொல்வான் என்று நங்கையார் நினைவூட்டினார். அரசர் தம் குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, சேந்தன் நெடுநாள் வாழ்க என்றார். எம் அரசர் கருணைக்குப் பெயர்போனவர்.

நாற்பதாம் நாளும் வலி வரவில்லை. நங்கையாருக்கு விடை அளிக்கப்பட்டது. இனித்தான் பெருந்தேவியார் கவனிக்க வேண்டிய செய்தி.

எம் கோட்டையைவிட்டுப் புறம்போகும் எவரையும், யார் பெயரால் நடக்கிறாய் என்று வாயிலில் கேட்பது வழக்கம். தங்கள் நாட்டிலோ, அரண்மனை மருத்துவர் அரசி பெயரால் அன்றித் தம் பெயரால் வழிநடந்தால் ஓடிப்போனவராகக் கருதப்பட்டு, எல்லையிலேயே மறிக்கப்படுவார். நங்கையார் இரண்டையும் அறிந்தவர். தம் பெயரால் நடக்கத் தங்களிடம் ஒப்புதல் கேட்டு ஓலை அனுப்பலாம் என்று இம்மந்திரி சொன்னான். போய் வர எட்டு நாள், பிள்ளை எட்டு நாள் பொறுக்குமா, நீங்கள் பிள்ளை பெற்றதுண்டா என்று அவர் கேட்டார். இம்மந்திரி இல்லை என்று ஒப்புக்கொண்டான்.

வாயிலில் அவர் நெடுநேரம் நின்றார். பிறகு மிக மெல்ல ஏதோ சொன்னார். வாயிற்காவலன் காது மந்தம். கேட்டதாகத் தலையாட்டிக் கதவைத் திறந்துவிட்டான். முன்தினம் மழை பெய்து வாயிலுக்கு வெளியே குழைசேறாக இருந்தது. அவர் கடந்தபின் இம்மந்திரி சென்று பார்த்தான். வண்டித்தடம் இருந்தது. ஆட்டுக்குளம்பு இருந்தது. ஒரு காக்கை நடந்த தடம்கூட இருந்தது. நங்கையாருடையது இல்லை. முப்பதடி தொலைவில் அவர் நின்று திரும்பினார். அவரும் சேற்றைத்தான் பார்த்தார். பின்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னிலும் வேகமாக நடந்தார்.

ஆகவே பெருந்தேவியார் திருவடிக்கு விண்ணப்பம். வெந்நீரும் கல்லுப்பும் நொச்சியிலையும் ஆயத்தமாக இருக்கட்டும். கட்டிலிலிருந்து இறங்குமுன் துண்டால் விரல்களை இழுத்துப் பிடியுங்கள். வெறுங்காலால் கல்தரையில் நிற்க வேண்டா. காலையும் மாலையும் அப்பளக் குழவியை உருட்டுங்கள். அவையோர் பார்த்தால் பார்க்கட்டும். பாதம் வீங்கிச் சிவந்து சுரமும் கண்டால் கைவைத்தியம் போதாது, மருத்துவரைக் காட்டுங்கள். ஆனால் தங்கள் மருத்துவர் வழியில் இருக்கிறார். சினந்து அவரை மறிக்கக் குதிரைவீரரை ஏவ வேண்டா. அவர் அஞ்சி ஓடினால் அந்த ஓட்டமும் தங்கள் காலில்தான் விழும். எல்லையில் கதவு திறந்திருக்கட்டும். தங்கள் கோட்டைவாயிலில் அவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லத் தங்கள் வாயாலேயே ஒப்புதல் தர வேண்டும். தராவிடில், இனி அவர் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஓடும் வழியெல்லாம் தங்கள் குதிகாலுக்கே உரியதாகும்.

இவ்வோலையை மறுவார்த்தை பேசாது கொண்டுசேர்க்குமாறு குதிரைவீரனுக்கு ஆணை. குதிரை தன் பெயரால் ஓடுகிறது, அது விசாரிக்கப்பட்டது. மூன்று மலை முத்திரை மெழுகில் பதிந்து, அரசர் தாமே நின்று ஒப்பமிட்டார்.

இதைத் தாங்கள் படிக்கும் நாள் நங்கையார் கல்லாற்றைக் கடந்து பாறைவழியில் ஏறும் நாள். இடது குதிகாலில் சுரீரென்று தைத்தால் பெருந்தேவியார் அஞ்ச வேண்டா. அவர் மகள் இருக்கும் திசையில் இன்னும் ஓர் அடி வைத்துவிட்டார் என்று கொள்க.