அடைப்புக்குறிக்குள் யார் பெயர்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். பஸ் இல்லை, தாராவி வரை நடை. செருப்பு போச்சு.

ஆய்வேட்டுக்கு எந்த மேற்கோள் முறை என்று இந்த வாரம் முடிவு சொல்ல வேண்டும்.
1. அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும்.
2. அடிக்குறிப்பு.

என் வழிகாட்டி மேடம் முதலாவதிலேயே நிற்கிறார். "அதுதாம்மா ஈஸி. சீக்கிரம் முடிச்சுடலாம்."

நான் சீக்கிரம் முடிப்பதில் இவருக்கு என்ன அவசரம்? புதுக் கட்டுரை வேறு வெளியிட்டிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை.

ஜூலை 9, புதன்

கட்டுரை கிடைத்தது. நினைத்தேன். தோல் பட்டறைப் பெண்களிடம் நான் அலைந்து எடுத்த பேட்டிகள், போன வருடம் என் கட்டுரையில் வந்தவை, வரிசையாக இருக்கின்றன. கடைசியில் நூற்பட்டியல். என் பெயர், 'இசக்கி', வரவேண்டிய இடத்தில் இல்லை. மறுபடியும் பார்த்தேன். இல்லை.

தேன் ஒழுகப் பேசியது இதற்குத்தான்.

அம்மா: "மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"
"ஒண்ணுமில்ல."



ஜூலை 11, வெள்ளி

கேட்டேவிட்டேன். மேடம் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திருப்பினார். "இதோ இருக்கியேம்மா."

பேச்சிமுத்து, இ.

பம்பாய் ஸ்கூலில் அப்பா பெயரைப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். அதுவே குடும்பப்பெயராகி டிகிரி வரை வந்துவிட்டது. பட்டியல் அந்தப் பெயரில்தான் போகும். கட்டுரைக்குள்ளும் அடைப்புக்குறிதோறும் பேச்சிமுத்து. நான் ஒரு எழுத்தாகப் பின்னால் தொங்குகிறேன்.

"ரூல் அப்படிம்மா."

மேடத்தின் முகத்தைப் பார்க்க வெட்கம். அதைவிட வயிற்றெரிச்சல். அப்பா, நான் ஏழாவது படிக்கும்போது இன்னொருத்தியோடு கல்யாண் ஊருக்குப் போன ஆள். என்னைப் படிக்கவைத்தது பட்டறையில் பை தைத்த அம்மா.

ஜூலை 12, சனி

மழை விட்டிருக்கிறது. துணி காயப்போட்டேன்.

அடிக்குறிப்பு முறை என்றால் முழுப்பெயர் வரும், நானும் தெரிவேன். ஆனால் அந்த ஆளும் கூடவே வருவார். கெஜட்டில் பெயரை மாற்றி அம்மா பெயரைப் பின்னால் போட்டால்? அப்போது அடைப்புக்குறிதான் சரி. இனி நான் எழுதுவதை யார் எடுத்துச் சொன்னாலும் 'வேலம்மாள்' மட்டும் தனியாக நிற்கும்.

அம்மாவிடம் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தாள். சந்தேகத்தில் எனக்கே அம்மா.

"எம்பேரு எதுக்குட்டி? யாரு சொல்லிக் குடுத்தா?"
"யாரும் சொல்லல. நானாத்தான்."

பாத்திரம் தேய்க்கப் போனாள். கொஞ்சம் கழித்து, திரும்பாமலே:

"கல்யாண்ல அந்த மனுசன் கண்ணுல படுமா?"

படாது. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

"படும்" என்றேன்.

"அப்பம் எம்பேரையே போடு."