சந்தனம் பூசிய பேட்டரி

அகரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

கௌசல்யா எழுதுவது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் அப்பா நன்றாக இருக்கிறார். கஞ்சியில் உப்பில்லை என்று என்னைத் திட்டுகிறார். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே பட்டாளத்துக் குரலில் கத்துவீர்கள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போன காரை ஆறு மாதமாக ஓட்டுகிறேன். லைசென்சும் எடுத்துவிட்டேன். நான் சாவியை எடுத்தாலே மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் காலையில் அவருக்கு நெஞ்சை அடைத்து வேர்த்துக் கொட்டியது. பின் சீட்டில் படுக்கவைத்துத் திண்டுக்கல்லுக்கு விரட்டினேன். முதல் சிக்னலில் நின்றதும் வழக்கம்போல எஞ்சின் தானாக அணைந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு அது, கிளட்ச்சை மிதித்தால் திரும்ப ஓடும். அன்றைக்கு ஓடவில்லை. பச்சை விழுந்துவிட்டது. சாவியைத் திருகினால் டிக் டிக் என்று மட்டும் கேட்கிறது. பின்னால் மாமா முனகுகிறார். அழுதுவிட்டேன்.

பேகம்பூர் மெக்கானிக் நியாஸுக்கு ஃபோன் அடித்தேன். அவன் மூளையை என்னவென்று சொல்வேன் மச்சான்! ஃபோனை பானெட்டுக்குள் வைத்துவிட்டுச் சாவியைத் திருகச் சொன்னான், ஹாரன் அடிக்கச் சொன்னான். கேட்டுவிட்டு, பேட்டரில உசுரு இருக்குக்கா, கரண்டு போற வழியிலதான் கோளாறு, மைனஸ் கம்பியப் பாருங்க என்றான். பார்த்தால் கம்பிக்கும் பேட்டரிக்கும் நடுவே காய்ந்துபோன சந்தனம்! ஆயுத பூஜையன்று மாமா கம்பியைக் கழற்றித் துடைத்து, சந்தனத்தை அப்பி, லூசாக மாட்டியிருக்கிறார். வழியில் குலுங்கி இன்னும் தளர்ந்துவிட்டது போல. அதை நியாஸிடம் சொன்னேன். சாவிய அணைச்சுட்டு முந்தானையால தொடைங்க, கம்பிய நல்லா அமுக்கி மாட்டுங்க என்றான்.

ஒரே திருகில் வண்டி கிளம்பியது. தானா நிக்கிற சுவிட்ச ஆஃப் பண்ணிருங்கக்கா, ஆஸ்பத்திரி வரைக்கும் அணையாது என்று அதையும் மறக்காமல் சொன்னான். கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல், காதை வைத்தே எழுப்பிவிட்டான். ஆச்சரியம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மறுபடி காட்டப் போக ஆட்டோ கூப்பிட்டால், கௌசி ஓட்டுனா வாரேன், இல்லாட்டி வரலை என்று மாமா உட்கார்ந்துகொண்டார். நானேதான் ஓட்டிப் போனேன்.

பழனியாண்டவர் உங்களைக் காப்பாற்றட்டும். வண்டியை விற்கச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். ஆனால் அன்றிலிருந்து சாவியைத் திருகும்போதெல்லாம், ஆளில்லாவிட்டாலும் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கிறேன். எஞ்சின் சத்தம் கேட்கும்வரை மூச்சு விடுவதில்லை. இந்தப் பயத்தைச் சரிசெய்ய நியாஸால் ஆகாது. லீவு கேட்டுப் பாருங்கள்.

உங்கள்
கௌசல்யா