மிச்சமிருந்த இணையம்

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டில் மிச்சமாகக் கிடக்கும் இணையம் யாருடையது? எனக்கு விடை தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

சேந்தமங்கலத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரர்களின் வைஃபையில், அவர்களைக் கேட்காமலே ஒரு செயலியை ஓட்டினேன். மிச்ச இணையத்தை வலைத்தளங்களின் பாதுகாப்புக்குத் தந்தால் கிரிப்டோ நாணயம் கிடைக்குமாம். நேற்று அவர்கள் மகள் யுவஸ்ரீ, போர்வெல் வண்டியோடு ராஜஸ்தான் போன கணவரை நினைத்து அழுதாள். "வீடியோ கால பாதியிலயே கட் பண்ணிப்போடறாருங்க டீச்சர். என்னைப் புடிக்கலீங்களாட்ட இருக்குது." கட் செய்தது, இணையத்தை இழுத்துக்கொண்ட என் செயலி என்று புரிந்தது. சொல்லாமல் நீக்கிவிட்டேன்.

நாரத்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். வகுப்புக்கு மணி அடிக்கிறது.

ஜோதி

மறுநாள் சேர்த்தது: யுவஸ்ரீ சிரித்தபடி வந்தாள். "நேத்து கால் கட்டாகவே இல்லீங்க. சந்தேகப்பட்டதுக்கு அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டனுங்க டீச்சர்" என்றாள்.