பின்கதவு தூக்கும் கார்

25-8-1972, வெள்ளி.

பட்டுச்சேலை மூட்டைகளை ஏற்றுவதற்காக, பின்கதவு மேலே தூக்கும் பழைய கார் ஒன்றை என் தங்கை மகன் ராகவன் இன்று வாங்கினான். தேர்ந்தெடுத்தவள் நான். முன்பக்கக் கிரில்லைப் பார்த்ததுமே, இது புது மாடல், பிரேக் உறுதியானது என்று தீர்ப்புச் சொன்னேன். தரகர் முனுசாமி தலையை மட்டும் ஆட்டினார். பூசைக்கு முன் ஓட்டிப் பார்ப்பது ஆகாது என்று ராகவன் மறுத்துவிட்டான்.

கோயில் வாசல்வரை வண்டியைத் தள்ளியே கொண்டுபோனோம். அங்கே சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அடுத்த திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி மண்டபத் தூணில் மோதி, ராகவனின் நெற்றி பிளந்தது. ஓடி வந்த மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

"பழைய மாடல்பா இது. கிரில்லு மட்டும் புதுசா மாட்டிக்கிது."

ராகவன் ஜாக்கிக் கம்பியை எடுத்து, பூசைக்குக் கூடவே வந்திருந்த முனுசாமியின் தோளில் அடித்தான்.

"புது மாடல்னு நான் எப்பபா சொன்னேன்? அந்தம்மாதான சொன்னாங்க!"

"எங்க பெரியம்மா மேலயே பழி போடுறியா?"

இரண்டாவது அடியில் தாடை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

முனுசாமி சொன்னது உண்மை. மூன்றாவது அடிக்கு முன்பாவது நான் வாய் திறந்திருக்கலாம். எம்.ஏ. படித்தவள் ஒரு கிரில்லில் ஏமாந்ததைத் தெருவில் ஒப்புக்கொள்ள மனமில்லாமல் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் முனுசாமியால் பேச முடியவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.